மாலை போட்ட வீட்டில் முட்டை

அத்தியாயம் 9

வேங்கிக்கால் ஹவுசிங் போர்டு வீட்டில் முட்டை வந்த கதையைப் போன வாரம் படித்தவர்களுக்கு இன்னும் சிரிப்பு அடங்கியிருக்காது. அந்த வாரம் பத்திரிகை கைக்கு வராதவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போவோம்.

கலெக்டர் ஆபீஸ் கிளார்க் வேணு சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். இது பதினெட்டாவது வருஷம். தென்னங்கன்றைச் சுமந்துகொண்டு மலையேறி, குருசாமியாகத் திரும்பி வருகிற வருஷம். படி பூஜை அவர் வீட்டில்தான். மற்ற சாமிகளுக்கு இருமுடி கட்டுவதும் அவர் வீட்டில்தான். அப்படிப்பட்ட வீட்டில், ஒரு நாள் விடியற்காலையில், கூண்டுக்குள் வெள்ளையாக ஒரு முட்டை. போட்டது துரை.

துரை, மகள் கவியா விட்டுவிட்டுப் போன கொண்டைக் கிளி. செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குக் கவியா தமிழ் சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மா ஊருக்குக் கிளம்பும்போது கிளியை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அது ஆண் என்று யாரும் சொல்லவில்லை. மஞ்சள் கொண்டையைத் தூக்கிக்கொண்டு மிடுக்காக நடந்ததைப் பார்த்துவிட்டு வேணுவாகத் துரை என்று பெயர் வைத்தார். கவியா கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்குப் போனபிறகு துரை அவருடைய பிள்ளையாகிவிட்டது.

கவியாவுக்கு இப்போது நிறைமாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்பு முடிந்த அன்றைக்கே அழைத்து வந்திருக்க வேண்டிய பெண்ணை, "மாலை போட்ட வீட்டுல பிரசவம் ஆகாது, தீட்டு" என்று சொல்லி வேணு அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அவர் மலைக்குப் போய்த் திரும்புவது தை மாதம். குழந்தை அதுவரை காத்திருக்குமா என்று சரசு கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பூஜை அறைக்குள் போனார். அதோடு போன வாரம் முடிந்தது.

இன்றைக்குக் கார்த்திகைத் தீபம்.

காலையில் துரை கத்தவில்லை. அகல் விளக்குகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்த சரசுவுக்கு அதுதான் முதலில் உறைத்தது. வேணு பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து சரணம் சொல்ல ஆரம்பித்தால், துரையும் கூண்டுக்குள் நின்று தன் பாட்டுக்குச் சரணம் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அலாரமே தேவையில்லை. இன்றைக்கு வேணு சரணம் முடித்துக் கற்பூரமும் காட்டியாகிவிட்டது. கூண்டில் மூச்சே இல்லை.

சரசு எட்டிப் பார்த்தாள். துரை கம்பியில் உட்காராமல் கூண்டின் தரையில் கிடந்தது. இறகெல்லாம் உப்பிப் போய், கண் பாதி மூடி, வால் மட்டும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.

"சாமி, இங்க வாங்க."

மாலை போட்டுவிட்டால் கட்டின புருஷனும் சாமிதான். அந்தச் சொல்லைச் சரசு மரியாதையாகவும் சொல்வாள், குத்தலாகவும் சொல்வாள். இப்போது சொன்னதில் பயம்தான் இருந்தது.

வேணு கையை உள்ளே விட்டார். எப்போதும் தாவி மணிக்கட்டில் ஏறிக்கொள்கிற துரை, அவர் விரலில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை.

"சளி பிடிச்சிருக்கும். பனி ஜாஸ்தியா இருக்குது இல்ல" என்றார்.

சரசு அதன் வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

"சளி இல்ல. முட்டை உள்ள மாட்டிக்கிச்சி. வெளிய தள்ள முடியாம கஷ்டப்படுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் ஒண்ணு பெத்தவதான் சாமி."

அவள் காய்கறி வாங்குகிற ஒயர் கூடையில் வேணு தன்னுடைய கறுப்புத் துண்டை மடித்துப் போட்டு, துரையை அதில் வைத்தார். கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தார். டாக்டர்கள் எல்லாரும் மாட்டுச் சந்தையில் இருப்பதாகச் சொன்னார். தீபத்துக்கு மனுஷக் கூட்டம் ஒரு பக்கம் என்றால், மாட்டுக் கூட்டம் ஒரு பக்கம். ஊருக்குள் வண்டி எதுவும் விடவில்லை. கிரிவலம் போகிற ஜனத்துக்கு நடுவில் வேணு கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். கூடைக்குள் ஏதோ சாமி பிரசாதம் என்று நினைத்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் சரசு சிரித்திருப்பாள்.

சந்தையில் ஒரு காளையின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் டாக்டர் வேதா. சின்ன வயசு. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். வேணு கூடையை நீட்டியதும் மாட்டுக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள்.

"இன்னா சாமி, கிளிக்கு லாடம் கட்டணுமா?" என்றான் ஒருவன்.

வேதா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து கிளியைப் புரட்டிப் பார்த்தாள். காலேஜில் படிக்கும்போது ஹாஸ்டல் அறையில் இதே ஜாதிக் கிளி ஒன்று வைத்திருந்தாளாம்.

"இதுக்கு முன்னாடி எத்தனை முட்டை போட்டுச்சி?"

"ஒண்ணு" என்றாள் சரசு.

வேணு தொண்டையைச் செருமினார். "மூணு."

சரசு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாலை போட்ட வீடு டாக்டரம்மா. விடியகாலையில பாத்ததும் பேப்பர்ல சுத்தி, எதிர்ல வேப்பமரத்தடியில வச்சிட்டு வந்துடுவேன். இவங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்கன்னு சொல்லல."

"எடுக்க எடுக்க அது போட்டுக்கிட்டேதான் இருக்கும் சாமி. அடைகாக்கலாம்னு பாக்குது, முட்டையக் காணோம். சரின்னு இன்னொண்ணு போடுது. ஒடம்புல இருந்த சுண்ணாம்பெல்லாம் ஓட்டுக்கே போயிடுச்சி. இப்ப தள்றதுக்குத் தெம்பு இல்ல."

"ஜோடியே இல்லாம எப்படி டாக்டரம்மா முட்டை போடுது?"

"கோழி போடறது இல்லையா? அந்த மாதிரிதான். பொரிக்காது. ஆனா இதுங்க சும்மாவும் போடாது. யாரு வீட்டுல இதை ஜாஸ்தி கொஞ்சறது? முதுகைத் தடவிக் குடுக்கறது?"

சரசுவுக்கு அந்த வேதனையிலும் வாய் நிற்கவில்லை. "இவருதான். ஆபீஸ் விட்டு வந்தா தோள்ல ஏத்திக்குவாரு. கொண்டையிலிருந்து வாலு வரைக்கும் தடவிக்கிட்டே பாட்டு பாடுவாரு. மாலை போட்டதிலருந்து டீக்கடைக்கும் போறதில்ல, சீட்டாட்டமும் இல்ல. முழு நேரமும் இதுகூடத்தான்."

"அப்ப சரி. முதுகைத் தடவினா அதுக்கு வேற அர்த்தம். இது உங்களத்தான் ஜோடின்னு நினைச்சிக்கிட்டு இருக்குது சாமி."

மாட்டுக்காரர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். விரதத்தில் இருக்கிற மனுஷன். கட்டினவளையே தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறவர். வேணு கழுத்து மாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நான் தரையிலதான் டாக்டரம்மா படுக்கறேன்" என்றார் பரிதாபமாக.

வேதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கை வேலையை விடவில்லை. கறவை மாட்டுக்குக் கொடுக்கிற கால்சியம் மருந்தில் இரண்டு சொட்டு எடுத்துத் தண்ணீரில் கலந்து கிளியின் அலகில் விட்டாள். பின்பக்கம் துளி தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"அமுக்கிப் பாக்காதீங்க. உள்ள உடைஞ்சா உயிருக்கே ஆபத்து. இதுக்கு இப்ப சூடு வேணும், ஆவி வேணும், பயமில்லாம உட்கார ஒரு எடம் வேணும். சாயங்காலத்துக்குள்ள வந்துட்டா பொழைச்சிக்கும்."

சூட்டுக்கும் ஆவிக்கும் சந்தையில் எங்கே போவது? டீக்கடை பாய்லர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். வேணு அதில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்துக் கிளியை வைத்துக்கொண்டார். ஈரத்துணி ஒன்றைப் பாய்லர் மூடியில் போட்டு ஆவி இந்தப் பக்கம் திரும்புகிற மாதிரி செய்தாள் சரசு. தடவப்போன கையை வேணு பாதியில் நிறுத்தி இழுத்துக்கொண்டார்.

நேரம் போயிற்று. துரை வாலை ஆட்டிற்று, அடங்கிற்று, மறுபடி ஆட்டிற்று. அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. வேணுவின் நெற்றியில் சந்தனம் வியர்வையில் வழிந்தது.

"வலிக்குது அதுக்கு" என்றார்.

"வலிக்கத்தான் செய்யும்."

"பக்கத்துல ஆளு இருக்குன்னு தெரிஞ்சா கொஞ்சம் தைரியமா இருக்கும் இல்ல?"

அவ்வளவுதான். சரசு இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை. அழுகை மட்டும் வந்தது.

"இந்தக் கிளிக்கு உங்க மடியில எடம் இருக்குது சாமி. எம்பொண்ணுக்கு நம்ம வீட்டுல எடமில்ல. அவளுக்கும் வலிக்கும். அவ யாரு மொகத்தைப் பாப்பா? பதினேழு வருஷம் நீங்க மாலை போட்டீங்க. பதினேழு வருஷமும், வீட்டு விலக்கான மூணு நாளும், நான் பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழ சாக்கு விரிச்சுப் படுத்தேன். கொசு கடிச்சுதுன்னுகூட உங்ககிட்ட சொன்னதில்ல. எனக்குன்னு நான் ஒண்ணும் கேக்கல. அவளுக்குத்தான் கேட்டேன்."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது துரை உடம்பைக் குறுக்கி ஒரு முறை முக்கியது. வேணுவின் கறுப்புத் துண்டில் முட்டை வந்து விழுந்தது. ஓடு மெல்லிசாக, தொட்டால் அமுங்குகிற மாதிரி இருந்தது. துரை அப்படியே கண்ணை மூடிக்கொண்டது. சரசு குனிந்து அதன் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு அது கண்ணைத் திறந்து, கழுத்தை நீட்டி, முட்டையை அலகால் தன் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டது.

"சாமி சரணம்" என்றார் டீக்கடைக்காரர்.

வேதா ஓடி வந்து பார்த்தாள். "இனிமே இந்த முட்டையை எடுக்கக் கூடாது. கூண்டுலயே விடுங்க. உட்கார்ந்து பாத்துட்டு, ஒண்ணும் ஆகலன்னு அதுவே எழுந்து போயிடும். அதுவரைக்கும் யாரும் தொந்தரவு பண்ணாதீங்க. நாட்டு மருந்துக் கடையில கடல் நுரைன்னு கேட்டு வாங்கிக் கூண்டுல கட்டித் தொங்க விடுங்க. சுண்ணாம்புச் சத்து."

"கடல் நுரை சைவம்தானே டாக்டரம்மா?" என்று கேட்டார் வேணு.

"கணவாய் மீனோட ஓடு. ஆனா கிளிதான் சாமி சாப்பிடப் போகுது. நீங்க இல்ல."

முட்டையோடும் கிளியோடும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வேணு முன்னால் நடந்தார். சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கூட்டம் கொஞ்சம் கம்மியான ஒரு இடத்தில் அவர் நின்றார்.

"சரசு. நம்ம குழு சாமிங்க கொட்டகை போட்டுத் தங்கியிருக்காங்க இல்ல? நானும் அங்க போயிடறேன். தென்னங்கன்னையும் எடுத்துக்கறேன்."

"எதுக்கு?"

"கவியாவ கூட்டிக்கிட்டு வந்துடு. பொறக்கப் போறது கீழ்பென்னாத்தூர் வீட்டு வாரிசு. தீட்டு அவங்களோடதுதான். நான் வீட்டுல இல்லன்னா போதும்."

"படி பூஜை?"

"நம்ம குழு தருமன் சாமி வீட்டுல நடக்கட்டும். இருமுடி கோயில்ல கட்டிக்கறேன்."

"நீங்க வெளியில தங்கினா போதும்னு உங்களுக்கு இத்தனை நாளாத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் வேணு. "பதினெட்டாம் வருஷம், எல்லாரும் நம்ம வீட்டுக்கு வரணும்னு ஆசை. அதான்."

ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் சரசு சண்டை போட்டிருப்பாள். இப்படி ஒத்துக்கொண்டவரிடம் என்ன சண்டை போடுவது? கூடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மஞ்சள் போர்டு போட்ட டெலிபோன் கடையில் ஏகப்பட்ட கூட்டம். காத்திருந்து, சம்பந்தி வீட்டு உரக்கடைக்குப் போன் போட்டார்கள். கவியாவின் மாமியார் கன்னியம்மாள்தான் எடுத்தாள். சரசு காதில் வைத்திருந்த போனில் வேணுவும் தலையைச் சாய்த்துக் காதை ஒட்டிக்கொண்டார்.

"சம்பந்தி, நாளைக்கு வந்து கவியாவ அழைச்சிக்கிட்டுப் போறோம்" என்றாள் சரசு.

"இன்னாங்க இது, அவ காலையிலயே கிளம்பிட்டாளே. பக்கத்து வீட்டுக்காரங்க தீபத்துக்கு வேன் வச்சிக்கிட்டுப் போனாங்க. அதுல ஏறிட்டா. வேங்கிக்கால்ல எறக்கி விடறோம்னு சொன்னாங்க. நெறமாசம் வேணாம்மான்னு நானும் சொன்னேன். அப்பாவே வரச்சொல்லி ஆளனுப்பியிருக்காரு அத்தை, போகலன்னா வருத்தப்படுவாருன்னு சொன்னா. அப்புறம் நான் எப்படித் தடுக்கறது? இன்னுமா வந்து சேரல?"

வேணு காதை எடுத்துக்கொண்டார். அவர் யாரையும் அனுப்பவில்லை. வரவே வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். அந்தப் பெண் அப்பாவை விட்டுக் கொடுக்காமல், மாமியார் வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடினார்கள் என்றே சொல்ல வேண்டும். காலனியே காலியாக இருந்தது. எல்லாரும் தீபம் பார்க்கப் போயிருந்தார்கள், விசாரிக்க ஓர் ஆள் இல்லை. வீட்டுக் கதவில், காலையில் சரசு போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

கேட்டின் கொக்கியில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தது. சரசு அதை எடுத்துப் பார்த்தாள். உள்ளே தினை. புடைத்துச் சுத்தம் செய்த தினை. துரைக்குத் தினை என்றால் உயிர் என்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"வந்திருக்கா" என்றாள் சரசு. "வந்து பூட்டைப் பாத்துட்டுப் போயிருக்கா."

தீபத்தன்றைக்கு மாலை போட்ட வீட்டில் கதவு பூட்டியிருந்தால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? தான் வந்துவிடக் கூடாது என்று அப்பா கதவைப் பூட்டிவிட்டார் என்றுதான் நினைப்பாள். வேணு அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவலூர்பேட்டை ரோட்டுல பஸ் நிறுத்தற எடத்துக்குப் போயிருப்பா. திரும்பிப் போயிடலாம்னு. நான் போய்ப் பாக்கறேன். நீ வீட்டுல இரு, ஒருவேளை மறுபடி இங்கயே வந்தாலும் வருவா."

"ஏங்க" என்றாள் சரசு. சாமி என்று சொல்ல மறந்துவிட்டாள். "இந்தக் கூட்டத்துல எப்படிங்க தேடுவீங்க?"

அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

சரசு பூட்டைத் திறந்து, இரண்டு கதவையும் சுவரோடு சுவராகத் தள்ளி விட்டாள். துரையை முட்டையோடு கூண்டில் வைத்தாள். அது முட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் தினையை எடுத்து அதன் பக்கத்தில் போட்டாள். அகல் விளக்குகளை வாசலிலிருந்து கேட் வரைக்கும் வைத்து ஏற்றினாள். பிறகு மொட்டை மாடிக்கு ஏறிப் போய்த் தெருவைப் பார்த்து நின்றாள்.

மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊர் முழுக்க ஒரே குரலாக அரோகரா எழுந்தது. ரோட்டில் போய்க்கொண்டிருந்த அத்தனை ஜனமும் நின்ற இடத்திலேயே மலையைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தலைக்கு மேல் கூப்பியது. வேணு பிறந்து வளர்ந்த ஊர் இது. ஒரு வருஷம்கூட இந்த நிமிஷத்தில் மலையைப் பார்க்காமல் இருந்தவர் இல்லை.

சரசு மலையைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தூரத்தில் அந்தக் கறுப்பு வேட்டி தெரிந்தது. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையெடுத்து நிற்கிற ஜனத்துக்கு நடுவில், ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வேணு போய்க்கொண்டிருந்தார். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.